மோனோபாட் ஆடாமல் நிற்க எந்த வழி?

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் மாலை வெயில் சாய்ந்த பிறகுதான் நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாகக் கூடு திரும்பும். கையில் 400 மி.மீ. லென்ஸ் இருந்தால் படம் கலங்காமலிருக்க ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் திரை) 1/400 நொடிக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பது பழைய கணக்கு. அந்த வெளிச்சத்தில் 1/100 கிடைத்தாலே பெரிது. கேமராவைத் தாங்கும் ஒற்றைக்கால் தண்டான மோனோபாட் கைகொடுப்பது இங்கேதான். ஆனால் அது மேலும் கீழுமான ஆட்டத்தைத்தான் அடக்கும்; முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் சாய்வதை நாம்தான் தடுக்க வேண்டும்.

பலரும் தண்டை உடலை ஒட்டி நேராக ஊன்றுகிறார்கள். இருப்பதில் மோசமானது அதுவே. நாம் ஆடினால் அதுவும் கூடவே ஆடும். நுனியை ஓரடி முன்னால் ஊன்றி, கால்களை அகட்டி, உடல் எடையைச் சற்று அதன்மேல் சாயுங்கள். இரண்டு கால்களும் தண்டுமாக ஒரு முக்காலி அமைந்துவிடும். பறக்கும் பறவையைத் தொடர இடுப்பைத் திருப்பினால் போதும். முதுகுதான் சீக்கிரம் களைத்துப்போகும்.

கூட்டில் அமர்ந்திருக்கும் பறவைக்கு நான் வேறு முறையைக் கையாள்கிறேன். தண்டின் நுனியைப் பின்காலின் பாதத்தில் உட்பக்கமாக முட்டுக்கொடுத்து, தண்டைத் தொடையோடு அணைத்துக்கொள்வேன். முன்னதைவிட இதில் ஆட்டம் தெளிவாகக் குறைகிறது. சட்டென்று திரும்ப முடியாது, அவ்வளவுதான்.

கடையில் விற்கும் மூன்று குட்டிக்கால் அடிப்பாகம் சமதளத்தில் வீடியோவுக்கு நல்லது. சரிவான கரையில் அது சரியாக அமராது. அதை நம்பிக் கையை எடுத்தால் கேமரா தரையில் விழும்!

எல்லாவற்றையும் வெல்வது மரம். தண்டை அடிமரத்தோடு சேர்த்து இடக்கையால் இறுக்கிப் பிடித்தால் 1/30 நொடியில்கூடக் கூர்மையான படங்கள் கிடைத்திருக்கின்றன. பார்வைக் கோபுரத்தின் கைப்பிடிச் சுவரும் இப்படி உதவும். யாராவது படியேறும்போது மட்டும் காத்திருங்கள். எந்த முறையானாலும், உயரம் போதுமென்றால் தண்டின் மெல்லிய கடைசிப் பகுதியை வெளியே இழுக்காதீர்கள்.

வானம் பார்க்க இந்த வரிசை மாறிவிடுகிறது. 10x50 பைனாகுலரை (10 மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 50 மி.மீ.) மோனோபாட்டில் பொருத்தி, நாற்காலியில் அமர்ந்து தண்டைத் தொடைகளுக்கிடையே இடுக்கிக்கொண்டால், வெறுங்கையில் துள்ளிக்கொண்டிருந்த வியாழனின் நிலவுகள் புள்ளிகளாக நிலைத்து நிற்கின்றன. நின்றபடி எந்த முறையிலும் எனக்கு இது வாய்த்ததில்லை. உச்சிவானத்துக்கு மட்டும் மோனோபாட் தோதுப்படாது. சாய்வு நாற்காலியில் படுத்து, முழங்கைகளைக் கைப்பிடியில் ஊன்றிப் பார்ப்பதே மேல்.