100 கிராமின் விலை: ஈத்தோஸா, டார்மாக் எஸ்.எல்.8-ஆ?

விலை உயர்ந்த கார்பன் ரோடு பைக் (சாலையில் வேகமாக ஓட்டும் மிதிவண்டி) வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது அதன் எடையைத்தான். பொற்கொல்லர் தராசில் குன்றிமணி வைத்து நிறுப்பதுபோல் கிராம் கிராமாக ஒப்பிடும் இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் பயன் தரும் என்று அறிய, அமெரிக்காவின் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் தானே உருவாக்கிய இரு பைக்குகளைவிடப் பொருத்தமான சோடி கிடைக்காது. 2020 அக்டோபரில் வெளியான எஸ்-வொர்க்ஸ் (நிறுவனத்தின் உச்சத் தர வரிசை) ஈத்தோஸின் ஃபிரேம், 56 செ.மீ. அளவில், 585 கிராம். 2023 ஆகஸ்டில் வெளியான எஸ்-வொர்க்ஸ் டார்மாக் எஸ்.எல்.8-இன் ஃபிரேம் 685 கிராம். இரண்டும் நிறுவனம் அறிவித்த எடைகள். இரண்டு ஃபிரேம்களும் அதே உயர்தரக் கார்பனில் ஆனவை. உட்காரும் நிலையைத் தீர்மானிக்கும் அளவுகளும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டிலும் பெடல் அச்சின் பேரிங் மரை போட்டுத் திருகப்படுகிறது. இரண்டிலும் 32 மி.மீ. அகல டயர் வரை பொருத்தலாம். இவ்வளவும் ஒத்திருப்பதால், எஞ்சும் வேறுபாடுகள் தெளிவாகவே கண்ணுக்குப் படுகின்றன.

ஈத்தோஸை வடிவமைத்தவர் மிதிவண்டிப் பொறியாளர் பீட்டர் டெங்க். எந்தக் குழாயின் எந்த இடத்தில் எவ்வளவு விசை பாய்கிறது என்று கணினியில் மீண்டும் மீண்டும் கணக்கிட்டு, விசை சீராகப் பரவும்படி குழாய்களின் வடிவத்தையே மாற்றியதால், வலுவூட்டுவதற்காகக் கூடுதலாக ஒட்டப்படும் கார்பன் அடுக்குகள் பல இடங்களில் தேவையற்றுப் போயின. அதனால் பார்வைக்கு அது உருண்டைக் குழாய்களாலான பழைய எஃகு மிதிவண்டிபோல் எளிமையாக இருக்கிறது. காற்றுத்தடையைப் பற்றி அது கவலைப்படவே இல்லை. பந்தயத்துக்கான வண்டியல்ல என்று நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்றது. எஸ்.எல்.8-இல் அதே பாடத்தைப் பின்பாதியில் பயன்படுத்தி எடையைக் குறைத்துக்கொண்டு, காற்றை முதலில் சந்திக்கும் முன்பாதியில் மட்டும், தலைக்குழாயை (ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள, ஃபிரேமின் முன்முனைக் குழாயை) மூக்குபோல் முன்னுக்குத் துருத்தி, காற்றுக்காக வடிவமைத்திருக்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் ரெம்கோ எவனபூல் தங்கம் வென்றது இந்த வண்டியில்தான்.

எடைக் கணக்குக்கு வருவோம். ஷிமானோவின் உச்சத் தரமான டியூரா-ஏஸ் கியர், பிரேக் பாகங்கள் பொருத்திய முழு வண்டியாக நிறுத்தால் ஈத்தோஸ் 6 கிலோவை ஒட்டியும், எஸ்.எல்.8 சுமார் 6.6 கிலோவாகவும் நிற்கின்றன. இந்த 600 கிராம் வேறுபாட்டில் ஃபிரேமின் பங்கு ஆறில் ஒன்றுதான் என்பதைக் கடைக்குப் போகுமுன் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மிகப்பெரிய பங்கு சக்கரங்களுடையது. ஈத்தோஸுடன் வரும் அல்பினிஸ்ட் சக்கரங்களின் ரிம் (விளிம்பு வளையம்) 33 மி.மீ. ஆழமே உடையது, முதல் பதிப்பின் எடை 1,248 கிராம். எஸ்.எல்.8-உடன் வரும் ரேப்பிடு சக்கரங்கள் முன்னால் 51, பின்னால் 60 மி.மீ. ஆழமுடையவை, இரண்டாம் பதிப்பு 1,520 கிராம். ஆக, எஸ்.எல்.8-இல் சக்கரத்தை மட்டும் மாற்றினாலே வேறுபாட்டில் கிட்டத்தட்ட பாதி மறைந்துவிடும். கடையில் ஒரு கையால் தூக்கிப் பார்த்து வியப்பவர்கள் வியப்பது ஃபிரேமைப் பார்த்து அல்ல.

அந்த 600 கிராமைத்தான் மலைக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போமே. டூர் டி பிரான்ஸ் புகழ் ஆல்ப் டூயெஸ் ஏற்றம், 21 கொண்டை ஊசி வளைவுகளுடன், 13.8 கிலோமீட்டர் நீளமும் சராசரியாக 8.1 விழுக்காடு சாய்வும் கொண்டது. ஆளும் வண்டியுமாக 80 கிலோ எடையுள்ள ஒருவர் தொடர்ந்து 250 வாட் ஆற்றலில் மிதித்தால், உச்சியை அடைய ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். 600 கிராமை ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம் தூக்கத் தேவைப்படும் ஆற்றலை 250 வாட்டால் வகுத்தால் கிடைப்பது சுமார் 26 நொடி. ஒரு மணி நேர உழைப்பில், பெயர்பெற்ற கடுமையான ஏற்றம் ஒன்றில், அரை நிமிடத்துக்கும் குறைவு. சக்கர விளிம்பில் உள்ள எடை இருமடங்காக இழுக்கும் என்ற நம்பிக்கையும் இங்கே உதவாது. சீரான வேகத்தில் ஏறும்போது ரிம்மில் இருக்கும் கிராமும் ஃபிரேமில் இருக்கும் கிராமும் ஒன்றே. வேகம் கூட்டும் கணங்களில் மட்டுமே அந்த வேறுபாடு தலைகாட்டும்.

சமதரையில் நிலைமை தலைகீழ். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது மிதிப்பவரின் உழைப்பில் பெரும்பங்கு காற்றை விலக்கவே செலவாகிறது. அந்த வேகத்தில் ஃபிரேமும் ரிம்மும் ஹேண்டில்பாரும் சேர்ந்து 10 வாட் மிச்சப்படுத்துவதாக வைத்துக்கொண்டால் (இது எந்த நிறுவனத்தின் எண்ணும் அல்ல, கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டது), 40 கிலோமீட்டர் தூரத்தில் முக்கால் நிமிடம் லாபம். மெதுவாக மிதிப்பவர்களுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பார்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் மிச்சமாகும் வாட் பாதிக்கும் கீழே குறைவது உண்மையே; ஆனால் அதே தூரத்தைக் கடக்க அவருக்கு அதிக நேரம் ஆவதால், நொடிக் கணக்கில் அவருடைய லாபம் குறைவதில்லை, சற்றுக் கூடவும் செய்கிறது. மேற்சொன்ன 80 கிலோ, 250 வாட் மனிதருக்கு எடையும் காற்றும் சமமாகும் இடம் சுமார் 4 விழுக்காடு ஏற்றம். அதைவிடச் செங்குத்தான சாலையில் ஈத்தோஸும், மற்ற எல்லா இடத்திலும் எஸ்.எல்.8-உம் முந்தும். ஏறிய மலையிலிருந்து இறங்கியும் ஆக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், கடிகாரத்தை மட்டும் பார்ப்பவருக்கு விடை எஸ்.எல்.8-தான். பந்தயக்காரருக்கு இன்னொரு காரணமும் உண்டு: உலக சைக்கிள் பந்தயக் கூட்டமைப்பான யு.சி.ஐ. 2000-ஆம் ஆண்டு முதல் 6.8 கிலோவுக்குக் குறைந்த வண்டியை அனுமதிப்பதில்லை. ஈத்தோஸில் மிச்சம் பிடித்த எடையை அவர் ஈயத்தகடு வைத்து ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும், பந்தயத்தில் இறங்காத ஒருவர் கேட்டால் நான் ஈத்தோஸைத்தான் சொல்வேன். எடையை முன்னிட்டு அல்ல. முதல் தலைமுறை ஈத்தோஸில் பிரேக் ஹோஸ்கள் (பிரேக் எண்ணெய் ஓடும் குழல்கள்) ஹேண்டில்பாரிலிருந்து வெளிப்பட்டு, தலைக்குழாயின் உள்ளே நுழையாமல், ஃபிரேமுக்கும் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்குக்கும் தனியாகப் போகின்றன. ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மின் நீளம் 10 மி.மீ. கூடிவிட்டது, முதுகு வலிக்கிறது என்றால், சில திருகுகளைக் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். எஸ்.எல்.8-இன் உச்ச மாடலில் ஹேண்டில்பாரும் ஸ்டெமும் ஒரே துண்டு. ஹோஸ்கள் அதன் உள்ளே ஓடித் தலைக்குழாய் பேரிங்கின் ஊடாக இறங்குகின்றன. அதை மாற்ற வேண்டுமானால் ஹோஸைக் கழற்றிப் பிரேக் எண்ணெயைப் புதிதாக ஏற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும். மழையில் நனைந்து பேரிங் கெட்டாலும் அதே கதைதான். இருக்கையைத் தாங்கும் சீட் போஸ்ட்டும் அப்படியே: ஈத்தோஸில் எந்த நிறுவனத்தினுடையதும் பொருந்தும் 27.2 மி.மீ. உருண்டைக் குழாய், எஸ்.எல்.8-இல் அந்த ஃபிரேமுக்கென்றே வார்த்த தட்டைக் குழாய். 12,000 டாலருக்கு மேல் விலைபோகும் வண்டியைப் பத்தாண்டு வைத்திருக்க நினைப்பவருக்கு இது சிறிய செய்தி அல்ல. ஆழமற்ற ரிம் குறுக்குக் காற்றில் ஹேண்டிலைப் பிடுங்காது என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை: இவ்வளவு மெல்லிய குழாய்களை ஸ்டாண்டிலோ கார் ரேக்கிலோ மேற்குழாயில் கவ்விப் பிடிக்கக் கூடாது, சீட் போஸ்ட்டிலோ சக்கரத்திலோ பிடிப்பதே பாதுகாப்பு.

இலேசு வண்டி, காற்று வண்டி என்று இரண்டாகப் பிரித்து விற்கும் வழக்கமே இப்போது மறைந்து வருகிறது. ஸ்பெஷலைஸ்டு 2020-இல் வெஞ்ச் என்ற காற்று வண்டியை டார்மாக்கில் கரைத்தது. மற்றொரு அமெரிக்க நிறுவனமான ட்ரெக் 2024-இல் எமோண்டா என்ற இலேசு வண்டியை மடோனில் கரைத்தது. ஈத்தோஸ் தப்பிப் பிழைத்தாலும், 2025-இல் வந்த அதன் இரண்டாம் தலைமுறை 35 மி.மீ. டயருக்கு இடம் கொடுத்துவிட்டு, ஹோஸ்களைத் தலைக்குழாய்க்குள் மறைத்துக்கொண்டது. டயருக்கான இடம் வரவேற்கத்தக்கது, மற்றது எனக்கு உவப்பில்லை. அதனால் என் பரிந்துரை முதல் தலைமுறைக்கே, அதிலும் ஒரு படி கீழான கார்பனில் வந்த ஃபிரேமுக்கே: அது 699 கிராம், எஸ்-வொர்க்ஸ் எஸ்.எல்.8-ஐவிட 14 கிராம்தான் கூடுதல், விலையோ வெகுவாகக் குறைவு. மிச்சமாகும் பணத்தில் நல்ல சக்கரங்கள் வாங்கலாம்.