டோட்டோ-சான்: பெரியவர்களை அழவைக்கும் குழந்தைப் புத்தகம்

கண்ணீர் வரவழைக்கும் புத்தகங்கள் எவை என்று கேட்டால், பெரும்பாலோர் சாவில் முடியும் கதைகளையே எடுத்து நீட்டுவார்கள். தெத்சுகோ குரோயானாகி எழுதிய ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’ என்னும் நூலை அவ்வரிசையில் வைப்பவர் குறைவு. 1981இல் ஜப்பானிய மொழியில் வெளிவந்து, நேஷனல் புக் டிரஸ்ட் வழியாகத் தமிழுக்கும் வந்துசேர்ந்த இந்நூலில் ஒரு சிறுவன் இறக்கிறான், ஒரு பள்ளி குண்டுவீச்சில் எரிகிறது. ஆனாலும் அவ்விடங்களை ஒருவாறு தாங்கிக்கொண்டு கடந்துவிட்ட எனக்கு, ஒரு பெரியவர் ஒரு குழந்தையை மதித்துப் பேசும் சாதாரணப் பக்கங்களில்தான் எழுத்து மங்கியது.

குரோயானாகி ஜப்பானியத் தொலைக்காட்சியில் புகழ்பெற்றவர். 1984 முதல் யுனிசெஃப் நல்லெண்ணத் தூதர். நூலில் வரும் டோட்டோ-சான் அவரேதான். மேசை மூடியை ஓயாமல் திறந்து மூடுகிறாள், ஜன்னலருகே நின்று தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறாள் என்பன போன்ற குற்றங்களுக்காக முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு நீக்கப்படுகிறாள். நீக்கப்பட்ட செய்தியை மகளுக்கு இருபது வயதாகும்வரை தாய் சொல்லவே இல்லை. டோக்கியோவின் ஜியுகவோகா பகுதியில், ஓடி ஓய்ந்த ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாகக் கொண்ட டோமோயி பள்ளிக்கு அவளை அழைத்துப் போகிறார். தலைமையாசிரியர் சோசாகு கோபயாஷி தாயை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுச் சிறுமிக்கு எதிரே அமர்ந்து, அவளுக்குச் சொல்ல விருப்பமானதையெல்லாம் சொல்லச் சொல்கிறார். கொட்டாவி விடாமல், கவனம் சிதறாமல், ஏறக்குறைய நான்கு மணி நேரம் கேட்கிறார். குழந்தைக்கு அப்பக்கம் வேடிக்கை. நமக்கோ, நம் பேச்சை அப்படிக் கேட்டவர் யார் என்று மனம் தேடத் தொடங்கிவிடுகிறது.

கழிப்பறைக் குழிக்குள் விழுந்த பணப்பையைத் தேடும் அத்தியாயமும் அத்தகையதே. நீண்ட காம்புள்ள அகப்பையால் டோட்டோ-சான் மலத்தை அள்ளி அள்ளி வெளியே குவிக்கிறாள். அவ்வழியே வரும் கோபயாஷி திட்டுவதில்லை, உதவுவதுமில்லை. முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பக் குழிக்குள் போட்டுவிடுவாய் அல்லவா என்று ஒரு நண்பரைப்போலக் கேட்டுவிட்டு நடந்துவிடுகிறார். பை கிடைப்பதில்லை, ஆனால் அவள் எல்லாவற்றையும் திரும்ப அள்ளிப் போடுகிறாள். (நம் வீடுகளில் இதே காரியம் நடந்திருந்தால் முதுகில் என்ன விழுந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.)

என்னை மிகவும் உலுக்கிய பக்கம் வேறு. தகாஹாஷி என்ற மாணவன் உடல் வளர்ச்சி நின்றுபோனவன். முற்காலத்தில் மனிதருக்கு வால் இருந்தது என்று பாடம் நடத்திய வகுப்பாசிரியை, உனக்கு இன்னும் வால் இருக்கிறதோ என்று அவனிடம் விளையாட்டாகக் கேட்டுவிடுகிறார். அவனோ எழுந்து நின்று, இல்லை என்று தீவிரமாகப் பதில் சொல்கிறான். பள்ளி முடிந்த பின் கோபயாஷி அந்த ஆசிரியையைக் கண்டிக்கும் குரல் டோட்டோ-சானின் காதில் விழுகிறது. மற்ற ஆசிரியர்கள் இருக்கும் அறையில் அல்லாமல் சமையலறையில் வைத்து அவர் கண்டிக்கிறார். கோபம் முழுவதும் வெளிப்படுகிறது, ஆனால் அந்த ஆசிரியை பிறர் முன் தலைகுனிய நேரவில்லை. இதே தகாஹாஷி எல்லாப் பந்தயங்களிலும் முதலாவதாக வரும்படி விளையாட்டு விழாவின் போட்டிகளை அவர் அமைத்திருந்தார் என்பதையும் சேர்த்து நினைக்கும்போது அடுத்த பக்கத்தைத் திருப்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது.

இளம்பிள்ளைவாதத்தால் கைகால் பாதிக்கப்பட்ட யாசுவாகியை டோட்டோ-சான் தன் மரத்துக்கு விருந்தினனாக அழைத்து, ஏணி கொண்டுவந்து, வியர்க்க விறுவிறுக்க ஏற்றிவிடும் அத்தியாயம் பலருக்கும் பிடித்தது. அவனுடைய சாவை நூலாசிரியர் மிகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார். இறப்பதற்குமுன் அவன் படிக்கக் கொடுத்த புத்தகத்தைத் திருப்பித் தர முடியாமற்போனது அவளுக்கு உறுத்துகிறது. அதற்கு மேல் ஒரு சொல் கூடியிருந்தாலும் மிகையாகியிருக்கும்.

குறைகளும் உண்டு. இரண்டு மூன்று பக்கங்களில் முடியும் அத்தியாயங்களில் சில வெறும் குறும்புக் குறிப்புகளாகவே நின்றுவிடுகின்றன. சுவிட்சர்லாந்து இசைக் கல்வியாளர் டால்குரோஸிடமிருந்து கோபயாஷி கற்றுவந்த தாள இயக்கப் பயிற்சியை விளக்கும் பகுதி, அதைக் கண்ணால் காணாதவருக்கு வறட்சியாகவே இருக்கும். தலைமையாசிரியர் தவறு செய்த ஒரு நாளைக்கூட நூலாசிரியர் காட்டுவதில்லை. நன்றிக்கடனாக எழுதப்பட்ட நூலுக்கு அது இயல்பே என்றாலும், பின்பாதியில் அவர் மனிதராக அல்லாமல் திருவுருவமாகத் தெரியத் தொடங்குகிறார். மாறாக, சிஹிரோ இவாசாகியின் நீர்வண்ண ஓவியங்களில் குறை சொல்ல ஏதுமில்லை. அந்த ஓவியர் 1974இலேயே மறைந்துவிட்டார். அவர் முன்பே தீட்டிவைத்திருந்த குழந்தைகள் இக்கதைக்கென்றே பிறந்தவர்களாகத் தோன்றுகிறார்கள்.

எட்டு வயதுக் குழந்தைக்கு இதைத் தாராளமாக உரக்கப் படித்துக் காட்டலாம். யாசுவாகியின் இறுதிச் சடங்கு வரும் அத்தியாயத்தை மட்டும் நீங்கள் முன்னதாகத் தனியே ஒருமுறை படித்துவிடுவது நல்லது. ஆசிரியர்களுக்கும் பரிசளிக்கலாம். ஆனால் டோமோயி முழுவதிலும் இருந்தவர்கள் ஏறத்தாழ ஐம்பது மாணவர்களே. ஒரே வகுப்பில் அத்தனை பேரை வைத்துக்கொண்டு திணறும் ஆசிரியரிடம் இந்நூலைக் கொடுத்து, நீங்களும் இப்படி இருங்கள் என்று அறிவுரை சொல்வது மட்டும் வேண்டாம்.