ஊசி என்று சொல்லி விற்ற தகடு: டெர்மா ரோலர் வாங்குமுன் இதைப் படியுங்கள்

பருத் தழும்புக்கு வீட்டிலேயே டெர்மா ரோலர் (குட்டி ஊசிகள் பதித்த, முகத்தில் உருட்டுகிற சின்ன உருளை) உருட்டிப் பார்க்கலாம் என்று நினைத்திருப்பவர்கள், அதுவும் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆர்டர் போடப் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். நான் உருட்டி எட்டு மாதம் ஆகிவிட்டது. கன்னத்தில் விழுந்த கறுப்புக் கோடுகள் இன்னும் முழுசாகப் போகவில்லை.

நான் வாங்கிய பெட்டியின்மேல் 0.25 மி.மீ., 540 டைட்டானியம் ஊசிகள், கிருமி நீக்கம் செய்யப்பட்டது என்று போட்டிருந்தது. கறுப்புக் கைப்பிடி. கூடவே இலவசமாக ஒரு குட்டி பாட்டில் வைட்டமின் சி சீரம். திறந்து பார்த்தால் ரோலர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அப்படியே கிடந்தது. சீல் வைத்த உறை இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஸ்பிரிட் பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும், ஆனால் ஆஸ்பத்திரிக் கருவிகளைச் சுத்தம் செய்வதற்கு அது ஈடாகாது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஊசியின் நீளம் 0.25 மி.மீ. என்றால் லேசாகக் குறுகுறுக்கும், அவ்வளவுதான். ரத்தம் வரவே கூடாது. எனக்கு முதல் நாளே இடது கன்னத்தில் பொட்டுப் பொட்டாக ரத்தம். பயந்துபோய் விற்றவர்களுக்கு போட்டோ அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது: "கவலைப்படாதீங்க சிஸ்டர், எரிஞ்சாத்தான் கொலாஜன் உருவாகுதுன்னு அர்த்தம். சீரம் போட்டுட்டு நாளை மறுநாள் திரும்பப் பண்ணுங்க."

கொலாஜன் என்றால் தோலுக்கு உறுதி தரும் புரதம். இந்தப் பதிலை நம்பித்தான் அதே வாரத்தில் இன்னும் இரண்டு முறை உருட்டினேன். ஒவ்வொரு முறையும் உடனே சீரமும் தடவினேன். மூன்றாவது முறைக்கு மறுநாள் காலையில் இரண்டு கன்னமும் வீங்கி, தொட்டால் அனலாகக் கொதித்தது. தோலுக்கு அடியில் கடுகு கடுகாகத் தடிப்புகள். அக்காதான் என்னை இழுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போனாள்.

டாக்டர் என் முகத்தைவிட ரோலரைத்தான் அதிக நேரம் பார்த்தார். லென்ஸை வைத்து உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல ஊசியே இல்லையே" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் குறடை வைத்து அதைப் பிரித்தேன். உள்ளே மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் ரம்பம் மாதிரி பல் வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்திருந்தார்கள். தனித்தனி ஊசி என்பது பெட்டியின்மேல் மட்டும்தான். ஊசி குத்தினால் சின்னத் துளை விழும், சீக்கிரம் மூடிக்கொள்ளும். தட்டையான பல் கீறும். அதிலும் உருளை சுழல்வதால் பல் சாய்வாக இறங்கிச் சாய்வாக வெளியே வருகிறது, வரும்போது தோலைக் கிழித்துக்கொண்டு வருகிறது. ஒரு தகட்டை ஸ்கேலின்மேல் வைத்துப் பார்த்தேன். பல்லின் நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்! சில பற்களின் நுனி தூண்டில் முள்ளைப் போல வளைந்திருந்தது. வீட்டில் வைத்து உருட்டுகிற அளவே இல்லை இது. இவ்வளவு ஆழம் போனால் தோல் ஆற வாரக்கணக்கில் இடைவெளி விட வேண்டும், நான் ஒரே வாரத்தில் மூன்று முறை செய்திருக்கிறேன்.

டாக்டர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு அதைவிட அதிர்ச்சி. நிஜமாகவே 0.25 ஆக இருந்தாலும் அது பள்ளம் விழுந்த பருத் தழும்பை மாற்றாதாம். அந்த நீளம் தோலின் மேலடுக்கோடு நின்றுவிடும். பூசுகிற மருந்து கொஞ்சம் கூடுதலாக உள்ளே போகும், அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. அப்படியென்றால் தழும்பு மறையும் என்ற விளம்பரமே பொய்தானே?

அந்த இலவச சீரமும் சும்மா விடவில்லை. தோல்மேல் பூசுவதற்காகச் செய்த பொருள், துளை வழியாக வாசனைப் பொருளும் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனமும் சேர்ந்து நேராக உள்ளே இறங்கிவிடுகிறது. மைக்ரோநீட்லிங்கோடு (இப்படிக் குட்டி ஊசிகளால் தோலைத் துளையிடும் சிகிச்சை) பூச்சுகளைச் சேர்த்துக்கொண்டு முகத்தில் ஒவ்வாமைக் கட்டிகள் வந்த பெண்களைப் பற்றி 2014இலேயே ஜாமா டெர்மட்டாலஜி என்ற தோல் மருத்துவ ஆய்விதழில் வந்திருக்கிறது. இது தெரியாமலா இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து விற்கிறார்கள்?

நம்மைப் போன்ற மாநிறத் தோலில் காயம் ஆறினாலும் கருமை தங்கிவிடும். எனக்கு அதுதான் நடந்தது. மருந்தில் வீக்கம் இரண்டு வாரத்தில் வடிந்தது. கோடுகளுக்காக இன்றுவரை தினமும் சன்ஸ்கிரீனும் களிம்பும். பழுத்த பரு இருக்கும்போதோ, காயம் ஆறினால் தடித்து வளரும் உடம்புவாகு இருந்தாலோ, பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் ரோலரைத் தொடவே வேண்டாம். அக்கா தங்கையாக இருந்தாலும் ஒருவர் உருட்டியதை இன்னொருவர் எடுக்காதீர்கள்.

விற்றவர்களிடம் தகடுகளின் போட்டோவையும் டாக்டர் எழுதிக் கொடுத்ததையும் அனுப்பினேன். "உங்க ஸ்கின் சென்சிடிவ்" என்றார்கள். பயன்படுத்திய பொருளைத் திரும்ப வாங்க மாட்டார்களாம். ஒரு ஸ்டார் கொடுத்து நான் எழுதிய விமர்சனம் இரண்டே நாளில் காணாமல் போனது, அப்புறம் அந்தப் பக்கமே காணவில்லை.

போன வாரம் அதே பெட்டியை வேறு பெயரில் பார்த்தேன். அதே 540, அதே இலவச பாட்டில். கைப்பிடிக்கு மட்டும் ரோஜா நிறம் கொடுத்திருக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கி உருளையைப் பாருங்கள், பற்கள் தகடு தகடாக நிற்பது நன்றாகவே தெரிகிறது.