பழைய ஜிப்சி ஹெட்: சீட் வேலையா, போர்ட்டிங்கா, 16 வால்வா?

கார்பரேட்டர் காலத்து மாருதி ஜிப்சி கிங்கில் இருப்பது 1298 சிசி, 8 வால்வு எஞ்சின், 60 குதிரைத்திறன். 2000 வாக்கில் வந்த 16 வால்வு எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் பீய்ச்சும்) எஞ்சின் 80 கொடுத்தது. அந்த இருபதுக்கு ஆசைப்பட்டுத்தான் பலரும் சிலிண்டர் ஹெட்டை (வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பகுதி) கழற்றுகிறார்கள்.

கையில் காசு குறைவு என்றால் என் ஓட்டு சீட் வேலைக்குத்தான், அதாவது வால்வு வந்து உட்காரும் வளையத்தைச் சீர்செய்வதற்கு. கழற்றிய ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, பிளக்கை மாட்டி, சேம்பரில் (பெட்ரோல் எரியும் குழி) மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுப் போர்ட்டுக்குள் (காற்று வந்துபோகும் வழி) டார்ச் அடித்துப் பாருங்கள். வால்வைச் சுற்றி ஈரம் கசிந்தால் அந்த சிலிண்டரில் கம்ப்ரஷன் அவ்வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது, அங்கே போர்ட்டை எவ்வளவு அகலமாக்கினாலும் பிரயோஜனமில்லை. லேத் பட்டறையில் கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழல்) மாற்றி, அதற்கப்புறம் சீட்டை 30, 45, 60 என மூன்று கோணத்தில் வெட்டச் சொல்லுங்கள். வரிசை முக்கியம், கைடு ஆடினால் சீட் மையம் தவறும். கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது மட்டும் போதும் என்று சொல்லும் பட்டறையை விட்டு வந்துவிடுங்கள். முன்பு ஓவர்ஹீட் ஆன எஞ்சின் என்றால் ஹெட்டின் அடிப்பரப்பில் ஸ்ட்ரெயிட் எட்ஜ் (நேர்விளிம்புப் பட்டை) வைத்துப் பாருங்கள், 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருந்தால் ஃபேசிங் (பரப்பைச் சீவிச் சமன்செய்வது) தேவை. அதையும் அளவோடு எடுக்க வேண்டும், கம்ப்ரஷனும் கேம் டைமிங்கும் அதோடு சேர்ந்து மாறும்.

போர்ட்டிங்குக்கு, அதாவது அந்தக் காற்றுவழிகளைக் குடைந்து சீராக்க, டை கிரைண்டரும் கார்பைடு பர்ரும் இருந்தால் போதும், செலவு உங்கள் பொறுமைதான். சீட்டுக்கு நேர் கீழே வார்ப்பில் நிற்கும் விளிம்பைச் சமன்செய்வது, மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் இடத்தில் படி இல்லாமல் பார்ப்பது, இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். போர்ட்டின் உள்வளைவை ஆழமாகத் தோண்டினால் வாட்டர் ஜாக்கெட்டில் (குளிர்விக்கும் நீர் ஓடும் இடம்) ஓட்டை விழும், ஹெட் போச்சு. இன்டேக் போர்ட்டை (காற்று உள்ளே வரும் வழி) கண்ணாடி மாதிரி பாலிஷ் போடவும் வேண்டாம்: கார்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் சுவரில் வழிந்து ஓடும். அகலமான போர்ட் மேல் ஆர்பிஎம்மில் இழுக்கும், கீழே சோர்ந்துவிடும். ஏற்றத்தில் லோ கியரில் ஊர்ந்து ஏறும் ஜிப்சியின் தேவைக்கு அது நேர்மாறு.

பழைய 16 வால்வு எஞ்சின் வாங்கி மாற்றினால் பவர் நிஜமாகவே வரும். ஆனால் இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), வயரிங், ஃபியூயல் பம்ப் எல்லாம் கூடவே வர வேண்டும், அப்புறம் ஆர்சியில் எஞ்சின் எண் மாற்ற ஆர்டிஓ அலைச்சல். பிளாக்கே போய்விட்ட வண்டிக்கு மட்டும் இதை யோசிக்கலாம்.