சென்னை மருத்துவமனை ஒன்றின் ஹெப்பா அறை: 31 நாள் தங்கிய பின் ஒரு மதிப்பீடு

அத்தானுக்கு ரத்தப் புற்றுநோய்க்கான முதல் சுற்று கீமோதெரபியைத் தொடங்குவதற்கு முன், அவரைச் சாதாரணத் தனியறையில் வைப்பதா, நாளொன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் கூடுதலாகும், நுண்துகள் வடிகட்டிய காற்று வரும் ஹெப்பா அறையில் வைப்பதா என்று மருத்துவமனையில் கேட்டார்கள். ஒரு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகள் பூஞ்சைகளை வளர்த்துப் பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், குடும்பத்தில் அந்த முடிவு என் தலையில் விழுந்தது. ஹெப்பா அறையே வேண்டும் என்றேன். அதில் இன்றைக்கும் வருத்தமில்லை. ஆனால் அந்தக் கூடுதல் பணத்துக்கு எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை அடுத்து அங்கே போகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. மருத்துவமனையின் பெயரைச் சொல்லப்போவதில்லை; நான் கண்ட குறைகள் அந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் உரியவை என்று நான் நினைக்கவில்லை.

இந்த அறை எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மண்ணிலும் அழுகும் இலைதழைகளிலும் பழைய சுவரின் தூசியிலும் வாழும் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் எந்த ஊர்க் காற்றிலும் மிதக்கின்றன; நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் அவற்றைச் சுவாசிக்கிறோம். ஒரு வித்தின் விட்டம் இரண்டு மூன்று மைக்ரான்தான் என்பதால் அது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். நம் வெள்ளையணுக்கள் அங்கேயே அதன் கதையை முடித்துவிடுகின்றன. கீமோதெரபிக்குப் பின் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவகையின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே இறங்கி, அங்கேயே பல நாட்கள் கிடக்கும் நோயாளிக்கு அந்தக் காவல் இல்லை. ஆகவே வித்தையே உள்ளே விடாமல் தடுக்கப் பார்க்கிறார்கள். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்ளும் ஹெப்பா வடிகட்டிக்கு இந்த வித்து பெரிய உருப்படிதான்.

அறையைப் பொறுத்தவரை குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. இத்தகைய அறைகளில் மணிக்குப் பன்னிரண்டு முறையாவது காற்று முழுதாக மாற வேண்டும், தாழ்வாரத்தைவிட அறையின் காற்றழுத்தம் குறைந்தது 2.5 பாஸ்கல் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் வழிகாட்டுதல். கதவருகே இருந்த அழுத்தமானி நான் பார்த்த நாட்களில் எல்லாம் 8க்குக் குறையவில்லை. கருவியை மட்டும் நம்புவது என் வழக்கமில்லை என்பதால், மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைக் கதவின் அடி இடுக்கில் பிடித்துப் பார்த்தேன். அது தாழ்வாரத்தை நோக்கியே பறந்தது. ஜன்னல்கள் திறக்க முடியாதபடி அடைக்கப்பட்டிருந்தன. தலைக்கு மேலே ஃபால்ஸ் சீலிங் இல்லாமல் பூசிய கூரை இருந்தது. வடிகட்டி மாற்றிய தேதியைக் கேட்டதும், பராமரிப்புப் பொறியாளர் முகம் சுளிக்காமல் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினார்.

செவிலியர்களின் கண்டிப்பும் பாராட்டத்தக்கது. முதல் நாள் அக்கா தலையில் வைத்திருந்த மல்லிகைச் சரத்தை வாசலிலேயே எடுத்துவிடச் சொன்னார்கள். அக்காவுக்கு அது அபசகுனமாகப் பட்டது. மண்தொட்டிச் செடியும் பூவும் பூஞ்சைக்குப் புகலிடம் என்று நான் விளக்கிச் சொன்ன பிறகுதான் சமாதானமானாள். அதே மருத்துவமனையின் வரவேற்புக் கூடத்தில் ஆளுயரச் செடிகள் ஈர மண்ணோடு வரிசையாக நின்றதை அவள் பின்னர் சுட்டிக்காட்டியபோது என்னிடம் பதில் இல்லை.

சிக்கல் பன்னிரண்டாம் நாள் தொடங்கியது. காய்ச்சல் விடாததால் நெஞ்சுப் பகுதிக்கு சி.டி. ஸ்கேன் எழுதினார்கள். சக்கர நாற்காலியில் அமர்த்தி, சாதாரண மூன்றடுக்கு முகக்கவசம் ஒன்றை மாட்டி, ஊழியர் அத்தானை வெளியே தள்ளிக்கொண்டு போனார். ஸ்கேன் அறைக்குப் போகும் வழியில் பழைய வார்டு ஒன்றை இடித்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். இடிபாட்டுக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே கயிற்றில் கட்டிய ஒரு பிளாஸ்டிக் விரிப்பு மட்டும் தொங்கியது. அதன் அடிப்பகுதி காற்றில் அலைந்துகொண்டிருந்தது. லிஃப்டின் தரையில் சிமென்ட் தூசியில் பதிந்த செருப்புத் தடங்கள். மருத்துவமனைகளில் நேர்ந்த அஸ்பெர்ஜில்லஸ் தொற்றுப் பரவல்களில் கட்டட வேலையே மீண்டும் மீண்டும் குற்றவாளியாக நின்றிருக்கிறது. தரை முதல் கூரை வரை காற்றுப் புகாத தடுப்பு, வேலை நடக்கும் பகுதியில் தாழ்வான அழுத்தம், தொழிலாளர்களுக்குத் தனி வழி, வெளியே வர நேரும் நோயாளிக்கு என்-95 முகக்கவசம் என்பன இதற்கான எளிய, பழைய விதிகள். ஒன்றும் அங்கே இல்லை.

ஸ்கேன் அறைக்கு வெளியே நாற்பது நிமிடம் காத்திருந்தோம். தலைக்கு மேலிருந்த சீலிங் பலகையில் பழுப்பு வளையமாக ஈரக்கறை. அதன் ஓரத்தில் கரும்புள்ளிகள். பக்கத்தில் ஒழுகும் ஏசிக்கு அடியில் ஒரு வாளி. நனைந்த பலகையை 72 மணி நேரத்துக்குள் உலர்த்த முடியாவிட்டால் கழற்றி எறிய வேண்டும். அந்த வாளியின் அடியில் படிந்திருந்த வழவழப்பு மூன்று நாள் கணக்கில் சேர்ந்ததாகத் தெரியவில்லை. நாளெல்லாம் வடிகட்டிய காற்றில் வைத்திருந்த மனிதரை, வெள்ளையணு மிகவும் குறைந்திருந்த நாளில், அதன் கீழே உட்கார வைத்திருந்தோம்.

அதே தாழ்வாரத்தில் சலவையான படுக்கை விரிப்புகள் மூடாத தள்ளுவண்டியில் போனதையும் பார்த்தேன். இதைச் சிறிய விஷயமாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் 2008 ஆகஸ்ட் முதல் 2009 ஜூலை வரை ஐந்து குழந்தைகள் மியூகார்மைகோசிஸ் என்ற பூஞ்சை நோய் தொற்றி இறந்தார்கள். வேறுவேறு வார்டுகளில் இருந்த அவர்கள் அனைவருக்கும் பொதுவாக இருந்தவை மருத்துவமனையின் துணிகளே என்பது விசாரணையில் தெரியவந்தது.

குளியலறை சுமார். தண்ணீர்க் குழாய்களிலும் பூஞ்சைகள் குடியிருக்கும் என்பதால் குளிக்கும் முன் தரையைத் துடைத்துத் தருமாறு கேட்டோம். சில நாள் செய்தார்கள், சில நாள் மறந்தார்கள். ரத்த அழுத்தக் கருவியின் பட்டை ஒவ்வோர் அறைக்கும் தனியாக இருந்தது நல்ல ஏற்பாடு. பரப்புகளில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும் கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சை பரவுவதற்கு இத்தகைய பொதுக் கருவிகள் பெரிதும் உதவுகின்றன.

அத்தானின் ஸ்கேனிலும், அஸ்பெர்ஜில்லஸின் செல்சுவரிலிருந்து ரத்தத்தில் கலக்கும் சர்க்கரையைத் தேடும் காலக்டோமன்னன் சோதனையிலும் ஒன்றும் தென்படவில்லை. காய்ச்சல் பாக்டீரியாவால் வந்தது என்று உறுதியாகி, மருந்துக்குக் கட்டுப்பட்டது. காற்றை மட்டும் நம்பாமல் தொடக்கத்திலிருந்தே தினமும் போசகோனசோல் என்ற பூஞ்சைத் தடுப்பு மாத்திரை கொடுத்துவந்ததும் காப்பாற்றியிருக்கலாம். ஒருவேளை பூஞ்சைத் தொற்று வந்திருந்தால், அது அந்த நாற்பது நிமிடத்தில் வந்ததா, வீட்டிலிருந்தே நுரையீரலில் தங்கி வந்ததா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. மருத்துவமனைகள் இந்த விஷயத்தில் மெத்தனமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

எழுத்தில் புகார் கொடுத்தேன். தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் மறுநாளே வந்து, நான் சொன்ன இடங்களை என்னோடு நடந்து பார்த்தார், வாதாடவில்லை. ஒரு வாரத்துக்குள் பிளாஸ்டிக் விரிப்பு இருந்த இடத்தில் பலகைத் தடுப்பு எழும்பி, இடுக்குகள் ஒட்டப்பட்டன. அடுத்த ஸ்கேனுக்கு என்-95 கொடுத்து, காலையில் முதல் ஆளாக அழைத்துப்போய், காத்திருக்க விடாமல் திருப்பி அனுப்பினார்கள். சீலிங் பலகை மட்டும் நாங்கள் வீடு திரும்பும் நாளிலும் அப்படியே இருந்தது.

ஐந்துக்கு மதிப்பெண் போடுவதானால் அறைக்கு ஐந்து, செவிலியர்களுக்கு நாலரை, கதவுக்கு வெளியே உள்ள அனைத்துக்கும் சேர்த்து இரண்டு. இரண்டாம் சுற்று கீமோதெரபிக்கு அதே அறையைத்தான் பதிவு செய்திருக்கிறோம். ஸ்கேனுக்கு எந்த லிஃப்டில், எந்த வழியாக அழைத்துப்போவார்கள் என்பதை இந்த முறை முன்கூட்டியே எழுதி வாங்கியிருக்கிறேன்.