ரோப்லாக்ஸ் கணக்குக்கு இரண்டாம் பூட்டு: மின்னஞ்சல் குறியீடா, ஆதென்டிகேட்டர் செயலியா?

பிள்ளையின் ரோப்லாக்ஸ் (இணைய விளையாட்டுத் தளம்) கணக்கில் கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு பூட்டு போட இந்த இரண்டும்தான் பெரும்பாலோர் கைக்கு எட்டுபவை.

மின்னஞ்சல் வழி சுலபம்: உள்நுழையும்போது குறியீடு பெட்டிக்கு வரும். ஆனால் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பும் அதே பெட்டிக்குத்தான் வரும். பெட்டி திருட்டுப் போனால் இரண்டு பூட்டும் ஒன்றாகத் திறந்துவிடும். பிள்ளையின் டேப்லெட்டிலேயே அந்த மின்னஞ்சல் திறந்து கிடக்கும் வீடுகளில் இது பெயருக்குத்தான் பூட்டு.

செயலி 30 விநாடிக்கு ஒருமுறை 6 இலக்க எண்ணைப் போனிலேயே உருவாக்குகிறது, சிக்னல் தேவையில்லை. அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், க்யூஆர் குறியீட்டைப் பெற்றோர் போனில் ஸ்கேன் செய்து, வரும் எண்ணை உள்ளிட வேண்டும். எண் தவறு என்று வந்தால் முதலில் போனின் கடிகாரத்தைப் பாருங்கள்: நேரம் தானியங்கியாக இல்லாவிட்டால் எண் பொருந்தாமல் போகலாம். போன் தொலைந்தால் மாற்று வழி காப்புக் குறியீடுகள்தான் (அவசரத்துக்கென ரோப்லாக்ஸ் முன்கூட்டியே தருபவை). ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். தாளில் எழுதி வையுங்கள். அந்தப் போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது வீண்.

எங்கள் பரிந்துரை செயலிதான். மின்னஞ்சலை மட்டும் நம்புவதானால் அதற்குத் தனிக் கடவுச்சொல்லாவது இருக்கட்டும்.

‘இலவச ரோபக்ஸ்’ (ரோப்லாக்ஸின் விளையாட்டுப் பணம்) என்று வரும் போலிப் பக்கத்தில் பிள்ளையே எண்ணைத் தட்டிவிட்டால் இரண்டுமே தோற்கும். உள்நுழைவை நினைவில் வைக்கும் உலாவியின் குக்கியைத் திருடும் நீட்சிகளோ (உலாவியில் சேர்க்கும் துணை நிரல்கள்) எண்ணைக் கேட்பதே இல்லை. அப்படி நேர்ந்தால் பாதுகாப்புப் பகுதியில் மற்ற எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறி, நீட்சியை நீக்கி, பிறகு கடவுச்சொல்லை மாற்றுங்கள்.