ஃபைட்டுக்கு எஸ் அண்ட் சி பேக்கேஜ் வாங்கும் தம்பிகள் தயவுசெய்து படிக்கவும்

போன வாரம் கிராப்ளிங் (கட்டிப்பிடித்து மல்லுக்கட்டும் பயிற்சி) முடிந்து பயிற்சித் தரையின் மேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஜிம் தம்பி ஒருவன் போனை நீட்டினான். "அண்ணா, ஃபைட்டுக்கு எஸ் அண்ட் சி சேர்ந்திருக்கேன், பாருங்க." எஸ் அண்ட் சி என்றால் ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங், உடம்பின் பலத்தையும் தாக்குப்பிடிப்பதையும் கூட்டும் பயிற்சி. சிவப்பு எழுத்தில் தலைப்பு, கீழே கட்டம் கட்டமாக 12 வாரம். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. போன வருஷம் நான் 30,000 ரூபாய் கொடுத்து வாங்கியதும் அதே அட்டவணைதான், ஒரு வரிகூட மாறவில்லை. அதனால்தான் இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததை இப்போது எழுதுகிறேன்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். நாலு வருஷமாக எம்.எம்.ஏ. பயிற்சி, குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை விளையாட்டு. போன வருஷம் அமெச்சூர் ஃபைட் ஒன்று கிடைத்தது, 65.8 கிலோ பிரிவு. அப்போது என் எடை 72. எங்கள் மாஸ்டர் டெக்னிக் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார். ஆனால் மூன்றாவது ரவுண்டில் எனக்குக் கை தூக்க முடியாமல் போய்விடும். இன்ஸ்டாகிராமில் எஸ் அண்ட் சி கோச் ஒருவர் ஃபைட்டர்களோடு நின்று எடுத்த போட்டோக்களைப் போட்டுக்கொண்டே இருந்தார். போய்ப் பார்த்தேன். 12 வாரத்துக்கு 30,000, முழுப் பணமும் முதலிலேயே. அம்மா சீட்டு எடுத்த பணத்தில் கொடுத்தார்.

முதல் நாளே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வாரத்தில் எத்தனை நாள் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை), எந்த நாள் மல்யுத்தம், பழைய அடி ஏதாவது உண்டா, நைட் ஷிப்ட் உண்டா, ஒன்றுகூட அவர் கேட்கவில்லை. நேராக 200 பர்பி, அதாவது தரையில் படுத்து எழுந்து குதிப்பது. அது முடிந்ததும் டயர் புரட்டல், கயிறு அடித்தல், முகத்தில் மூச்சை இறுக்கும் மாஸ்க். மலைமேல் பயிற்சி செய்வதுபோல் நுரையீரல் பலமாகும் என்றார். மலை உயரத்தில் காற்றிலேயே ஆக்சிஜன் நமக்குக் குறைவாகக் கிடைக்கிறது. மாஸ்க் போட்டால் மூச்சு இழுக்கச் சிரமமாக இருக்கும், அவ்வளவுதான். உள்ளே போவது அதே அம்பத்தூர் காற்று. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு வாந்தி எடுத்துவிட்டு, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

நாலாவது வாரத்திலேயே உடம்பு சொல்ல ஆரம்பித்துவிட்டது. காலையில் எழுந்ததும் நாடி பார்ப்பது என் பழக்கம். வழக்கமாக 58, 60 இருக்கும். அது 74க்குப் போனது. தூக்கம் இல்லை. ஸ்பாரிங்கில் ஆறு மாதம் முன்பு சேர்ந்த பையன் என்னைப் பிடித்துக் கீழே சாய்த்து டேக்டவுன் எடுத்தான். கோச்சிடம் சொன்னேன். "உடம்புல ஒண்ணும் இல்ல தம்பி, எல்லாம் மனசுல இருக்கிற பயம்" என்றார். மாஸ்டர் ஒருநாள் கூப்பிட்டு, "என்னடா, நாளுக்கு நாள் மெதுவாயிட்டே போற?" என்று கேட்டார். அப்போதாவது அவரிடம் அட்டவணையைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

ஐந்தாவது வாரம் காய்ச்சல். எட்டு நாள் படுத்துவிட்டேன். திரும்பிப் போன அன்று, "விட்டதை இன்னிக்கே பிடிச்சுடணும்" என்று கம்பியில் தொங்கவிட்டார். புல்அப்பில் மேலே ஏற அவரே தூக்கிவிடுவார். பத்து எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். பத்து செட். கத்திரி வெயில், தகரக் கூரை, மேலே வியர்க்கவைக்கும் பிளாஸ்டிக் சாவ்னா சூட். ஏழாவது செட்டில் கை தானாகவே நழுவியது. "ஃபைட்ல கை விட்டா செத்துருவ" என்று மறுபடி ஏற்றிவிட்டார்.

இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. பழக்கமில்லாத உடம்புக்கு, அதுவும் படுத்து எழுந்த உடம்புக்கு, தசையை அதிகமாகக் கிழிப்பது அந்த வேலைதான். மறுநாள் என் இரண்டு முழங்கையும் பாதி மடங்கிய நிலையில் நின்றுவிட்டன, நீட்ட முடியவில்லை. மேல்கை வீங்கி சட்டைக் கை ஏறவில்லை. கோச்சுக்கு போட்டோ அனுப்பினேன். வலி மாத்திரை ஒன்றின் பெயரை அனுப்பி, காலை ஒன்று இரவு ஒன்று என்றார். மூன்றாம் நாள் காலையில் சிறுநீர் பால் கலக்காத டிகாஷன் நிறத்தில் போனது.

அதைப் பார்த்ததும் அண்ணன் பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டியூட்டி டாக்டர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அண்ணனை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார்: "தம்பி, பயப்படாம சொல்லுங்க. யாராவது கட்டி வெச்சு அடிச்சாங்களா?" பலமாக அடிபட்டவர்களுக்கும், இடிபாட்டில் சிக்கியவர்களுக்கும் இதே நிலை வருமாம். ராப்டோமயோலிசிஸ். தசை இழைகள் உடைந்து அதிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. தசை எவ்வளவு உடைந்திருக்கிறது என்று காட்ட சிகே என்று ஒரு ரத்தப் பரிசோதனை. சாதாரணமாக 200க்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது எனக்கு 41,000. ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த சிறுநீரகத்துக்கு அந்த வலி மாத்திரை இன்னொரு அடி என்று டாக்டர் கோபப்பட்டார். ஐந்து நாள் ராத்திரி பகலாக டிரிப்ஸ். டயாலிசிஸ் வரை போகாமல் தப்பித்தேன். ஃபைட் போயிற்று.

டிஸ்சார்ஜ் ஆனதும் மீதி வாரங்களுக்கான பணத்தைக் கேட்டேன். "உங்க உடம்புல முன்னாடியே ஏதோ பிரச்சினை இருந்திருக்கும், நான் பொறுப்பில்லை" என்று பதில் வந்தது. மறுபடி கேட்டதும் பிளாக் செய்துவிட்டார்.

பிறகுதான் விசாரிக்க ஆரம்பித்தேன். அவரிடம் போன ஒரு கபடி வீரரும், போலீஸ் தேர்வுக்குத் தயாரான ஒருவரும் தங்கள் பிடிஎஃபைக் காட்டினார்கள். மூன்றும் ஒன்றே. கபடியில் ஒரு ரெய்டு 30 வினாடி. போலீஸ் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். எனக்கு 3 நிமிட ரவுண்டு மூன்று, நடுவில் 1 நிமிட ஓய்வு. அதற்குள் பிடித்துத் தூக்க வேண்டும், தரையில் அழுத்தி வைக்க வேண்டும், எழுந்து மறுபடி குத்த வேண்டும். மூன்று பேருக்கும் ஒரே தாள் எப்படிப் பொருந்தும்? சுவரில் மாட்டியிருந்த சான்றிதழை முதல் நாள் ஆசையாகப் போட்டோ எடுத்திருந்தேன். பெரிதாக்கிப் படித்தால், இரண்டு நாள் முகாமில் 'பங்கேற்றதற்காக' என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. பெயருக்குப் பின்னால் சி.எஸ்.சி.எஸ். என்றும் போட்டுக்கொண்டிருந்தார். அது அமெரிக்காவின் என்.எஸ்.சி.ஏ. என்ற அமைப்பு எஸ் அண்ட் சி கோச்சுகளுக்குத் தரும் தகுதி, பட்டப்படிப்பும், நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் சிபிஆர் பயிற்சியும் முடித்துத் தேர்வு எழுத வேண்டும். ஒருவரிடம் அது உண்மையிலேயே இருக்கிறதா என்று அந்த அமைப்பிடமே சரிபார்க்கலாம். நான் சரிபார்க்கவில்லை. நீங்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் பாருங்கள்.

என்னை இன்னும் பயமுறுத்துவது நான் போய்ச் சேராத 12வது வாரம். கடைசி ஐந்து நாளில் ஆறு கிலோ குறைக்க: சாவ்னா சூட், தண்ணீர் நிறுத்தம், நீர் பிரிக்கும் மாத்திரை. 2015 டிசம்பரில் மணிலாவில் நடக்க இருந்த, ஒன் சாம்பியன்ஷிப் என்ற எம்.எம்.ஏ. அமைப்பின் போட்டிக்கு எடை குறைக்கும்போது யாங் ஜியான் பிங் என்ற சீன வீரர் இறந்துபோனார். வயது 21. அதன் பிறகுதான் அந்த அமைப்பு உடம்பிலிருந்து நீரை வற்றவைத்து எடை குறைப்பதைத் தடை செய்து, சிறுநீரைச் சோதித்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. நீர் பிரிக்கும் மாத்திரை உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலிலும் இருக்கிறது. மாதிரி எடுத்தால் தடை விழுவது உங்களுக்குத்தான், எழுதிக் கொடுத்தவருக்கு இல்லை.

இப்போது மாஸ்டரே ஒரு பிசியோவிடம் கேட்டு எனக்குத் திட்டம் போட்டிருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 40 நிமிடம். ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்த பாய்ச்சலுக்கும் நடுவில் மூச்சை மீட்டுத் தருவது இந்த மெதுவான ஓட்டம்தான். மூன்றாவது ரவுண்டில் எனக்கு இல்லாமல் போனதும் அதுதான். இரண்டு நாள் பளு: டெட்லிஃப்ட், ஸ்குவாட், ரோ. ஒரு செட்டில் ஐந்து தடவைக்கு மேல் இல்லை, செட்டுக்கு நடுவில் மூன்று நிமிடம் உட்கார வைக்கிறார். கடும் ஸ்பாரிங்குக்கு மறுநாள் பளு இல்லை. ஃபைட்டுக்கு முந்தைய பத்து நாள் பயிற்சியின் அளவு பாதியாகும். வாந்தி வருவதில்லை. முதல் மாதம் ஏமாற்றுகிறாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது, அந்த அளவுக்கு என் புத்தி கெட்டுப்போயிருந்தது.

பணம் கொடுத்து இதேபோல் மாட்டியவர்கள் யுபிஐ ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. நான் கொடுத்திருக்கிறேன், வழக்கு நடக்கிறது, அதனால் பெயர் போடவில்லை. கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கறுத்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், வலி மாத்திரை போடாதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்தத் தம்பி 10,000 முன்பணம் கட்டியிருக்கிறான். "அது போனா போகட்டும்டா" என்றேன். என் டிஸ்சார்ஜ் சம்மரியை அவன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். நேற்று அவனும் எங்களோடு 40 நிமிடம் ஓடினான்.